ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன்.

மியூனிக்கிலிருந்து ஃபூசனுக்கு இரண்டு மணி நேர ரயில். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பவேரியா டிக்கெட். அங்கிருந்து பஸ்ஸில் ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமம், அப்புறம் மலையேற்றம். குதிரை வண்டி உண்டு, ஆனால் வாசல் வரை போகாது. கடைசி ஏற்றத்தை நாம்தான் ஏற வேண்டும். இது தெரியாமல் அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டு, இறங்கியபின் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படங்களில் பார்த்துப் பார்த்து, எழுநூறு எண்ணூறு வருடக் கோட்டை என்றே நினைத்திருந்தேன். பவேரியா ராஜா இரண்டாம் லுட்விக் கட்டவைத்த இதற்கு அடிக்கல் நாட்டியதே 1869 செப்டம்பரில்தானாம். ரயிலும் தந்தியும் வந்தபிறகு கட்டிய கோட்டை! அதன் தோற்றத்தை முதலில் வரைந்தவர் கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். அந்த ஓவியத்தைத்தான் எடுவார்ட் ரீடல் கட்டடமாக்கினார். வெளியே பளிச்சென்று தெரிவது சுண்ணாம்புக்கல் போர்வை, உள்ளே செங்கல். ‘அட, சினிமா செட்டா இது’ என்று சப்பென்று ஆகிவிட்டது.

மனதை மாற்றியது கடைசியில் பார்த்த சமையலறை. இறைச்சி வாட்டும் கம்பியை ஆள் நின்று சுற்றத் தேவையில்லை. அடுப்பின் சூடான காற்று மேலேறும்போது அதுவே சுழற்றிவிடும். நெருப்பு கூடினால் கம்பி வேகமாகச் சுற்றும், தணிந்தால் நிதானமாக. ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்துக்குத் தளம் குழாய்த் தண்ணீர், அறைகளுக்குச் சூடான காற்று, பணியாளரைக் கூப்பிட மின்சார மணி, டெலிபோன் கூட உண்டு. வெளியே மாவீரர் காலம், உள்ளே அன்றைய புத்தம்புது வசதி. இந்த ராஜா விவரமான ஆள்தான் என்று தோன்றியது.

* * *

சமையலறையைச் சொன்னீர்கள், சிம்மாசன மண்டபத்தை விட்டுவிட்டீர்களே!

எங்களை அரை மணி நேரத்தில் சுற்றிக்காட்டி அனுப்பிவிட்டார்கள். உள்ளே படமெடுக்கத் தடை. அதனால்தானோ என்னவோ, அந்த மண்டபம் மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. தரையெங்கும் மிருகங்களும் செடிகொடிகளுமாகப் பதித்த கல், தலைக்குமேல் கிரீடம் போலத் தொங்கும் பெரிய விளக்கு, எதிரே பளிங்குப் படிகள். படியேறிப் பார்வை போய் நிற்கும் இடத்தில் ஒன்றுமில்லை. சிம்மாசனம் செய்து வைப்பதற்குள் லுட்விக் இறந்துபோனார்.

அந்த வெற்றிடத்தில்தான் அவருடைய கதையே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1864-இல் பதினெட்டு வயதில் பட்டம். இரண்டே வருடத்தில் ஆஸ்திரியாவோடு சேர்ந்து, வடக்கே இருந்த ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் தோல்வி. 1871-இல் பவேரியா ஜெர்மன் பேரரசுக்குள் போய்விட்டது. பெயருக்குத்தான் ராஜா. நிஜத்தில் கிடைக்காத ராஜ்ஜியத்தை மலைமேல் கட்டிக்கொண்டார். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்கள் என்றால் அவருக்கு உயிர். சுவரெல்லாம் அந்த நாடகங்களுக்கு மூலமான பழங்கதைகள்தான்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கஜானாவைக் காலி செய்து கட்டினார் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. சொந்தப் பணமும் கடனும்தான். கடன் கழுத்தை நெரித்ததும், 1886-இல் மந்திரிகள் அவரை மனநிலை சரியில்லாதவர் என்று அறிவிக்கவைத்தார்கள். சான்று எழுதிக்கொடுத்த மனநல டாக்டர் குடன் அவரை நேரில் பரிசோதிக்கவே இல்லை. இந்தக் கோட்டையிலிருந்துதான் அழைத்துப் போனார்கள். அவர் இங்கே தங்கியது மொத்தமே 172 நாட்கள்.

அந்நியர் கண்ணில் படாமல் வாழக் கட்டிய வீடு. அவர் போன ஏழாவது வாரம் டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள்! நாமும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

* * *

என் மகளுக்குச் சிம்மாசனமும் வேண்டாம், சரித்திரமும் வேண்டாம். “டிஸ்னி கோட்டை எங்கே?” என்று ஒரே நச்சரிப்பு. கலிஃபோர்னியாவில் 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டின் கோட்டைக்கு இதுதான் முன்மாதிரி என்று சொன்னால், “அப்போ இது பழசா?” என்கிறாள். ராஜாவின் படுக்கையறையில் முகம் கழுவும் இடத்துக் குழாய் அன்னத்தின் வடிவில் இருந்ததைப் பார்த்ததும்தான் சமாதானமானாள். வீட்டுக்கும் அதே மாதிரி வேண்டுமாம்.

* * *

கோட்டைக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கின்மேல் உள்ள மரியன் பாலத்துக்கு நான் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. ஜனவரியில் போனபோது பனி உறைந்து வழியையே அடைத்திருந்தார்கள். அடுத்த முறை அக்டோபரில் போனேன். பாலம் இரும்பு, மிதிக்கிற தளம் மரப்பலகை. கூட்டம் நகரும்போது பலகை லேசாக அசையும். 90 மீட்டர் கீழே பொல்லாட் அருவி. கோட்டையை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் நான் பாதி நேரம் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபிறகு கூட்டம் இன்னும் கூடும் என்று நினைக்கிறேன். லிண்டர்ஹோஃப், ஷாகன், ஹெரன்கீம்சே என்று லுட்விக்கின் மற்ற மூன்று கட்டடங்களும் சேர்த்துத்தான் பட்டியலில். நேரம் இருப்பவர்கள் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் பெர்க் என்ற ஊருக்கும் போய்வாருங்கள். கோட்டையிலிருந்து அழைத்துப் போன மறுநாள், 1886 ஜூன் 13 சாயங்காலம், ராஜாவும் அதே டாக்டர் குடனும் கரையோரம் நடக்கப் போனார்கள். இரவில் இருவரையும் தண்ணீரில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். எப்படி என்பது இன்றுவரை விவாதம்தான்.

அந்த இடத்தில் ஏரிக்குள் ஒரு சிலுவை நிற்கிறது. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. நான் போன அன்று சிலுவையைச் சுற்றி இரண்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. வேறு யாரும் இல்லை.