டிஸ்பேஸில் எங்களுக்கு வேண்டியதை மூல மென்பொருளிலேயே சேர்க்க முடியுமா?

ஏட்டறை:
வணக்கம். எங்கள் நூலகத்தில் மின்னாவணங்களைச் சேமித்துக் காட்டும் டிஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருளின் 6-ஆம் பதிப்பு ஓடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தனியாகக் காட்டுவதற்காக முன்பிருந்த நிரலாளர் பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் சில ஜேஎஸ்பி கோப்புகளைத் திருத்திவிட்டுப் போனார், எதைத் திருத்தினார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது புதிய பதிப்புக்கு மாறலாம் என்று பார்த்தால் ஒன்றுமே ஒட்டவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படி அல்லாடாமல் இதை மூலத்திலேயே சேர்க்க வழி உண்டா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது, நூலகர் மட்டும்தான்.

நிரல்வழி:
ஒட்டாது. 2021-இல் 7-ஆம் பதிப்பு வந்தபோது பழைய இடைமுகங்களான ஜேஎஸ்பியுஐ, எக்ஸ்எம்எல்யுஐ இரண்டையும் எடுத்துவிட்டு ஆங்குலர் என்ற நிரல் சட்டகத்தில் புதிய இடைமுகம் எழுதிவிட்டார்கள். பழைய திருத்தங்களை விட்டுவிடுங்கள். நிர்வாகி பக்கத்தில் மீத்தரவுப் பதிவேடு (தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரப் புலங்களின் பட்டியல்) இருக்கிறது, அதில் 'லோக்கல்' தொகுப்பின் கீழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு புலம் நீங்களே சேர்க்கலாம், முழுப் பதிவில் தெரியும். சுருக்கப் பக்கத்திலும் வர வேண்டுமென்றால்தான் தீமில், அதாவது தோற்றத்தை அமைக்கும் நிரலில், கை வைக்க வேண்டும்.

பட்டியல்மேசை:
நிரல் தெரியாது என்று தயவுசெய்து ஒதுங்காதீர்கள். நான் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளின் குழுவில் இருக்கிறேன், எனக்கும் தெரியாது. அங்கே ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் சோதித்து ஒப்பம் போட்டால்தான் அது தரச்சோதனைக்கே போகும். அதற்கு உலாவியிலேயே சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை இடம் கிடைக்கிறது, அந்தப் பிழைக்கான வழு எண்ணைக் கொடுத்தால் அந்தத் திருத்தம் போட்ட கோஹா தயார். நான் முதலில் சோதித்தது நூல் திருப்பும் பக்கம். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஒரே நூலை அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்கேன் செய்தபோது பிழை வந்தது. மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்தவருக்குத்தான் அப்படிச் செய்து பார்க்கத் தோன்றும், எழுதியவருக்குத் தோன்றவில்லை.

நிரல்வழி:
டிஸ்பேஸுக்கும் அதேதான். முதலில் அவர்களுடைய சோதனைத் தளத்தில் அதே குறை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் நிரலையும் குறைகளையும் பதியும் கிட்ஹப் தளத்தில் யாராவது ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் பதிப்பு எண், என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் எல்லாவற்றையும் எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் போட்டால் யாராலும் உதவ முடியாது. மொழிபெயர்ப்புக்கும் ஆள் வேண்டும்: இடைமுகச் சொற்கள் இருக்கும் ஜேசன்5 வகை மொழிக் கோப்புகளில் பாக்கி வரிகளுக்கு மேலே 'டூடூ' (செய்ய வேண்டியது) என்று குறித்திருப்பார்கள், நோட்பேட் போதும்.

ஏட்டறை:
புலம் சேர்த்துவிட்டேன், முழுப் பதிவில் வருகிறது! மொழிக் கோப்பையும் திறந்தேன். டிஸ்பேஸில் சேமித்த ஓர் ஆவணத்தைக் குறிக்கும் 'ஐட்டம்' என்பதற்கு 'பதிவு' போடவா, 'உருப்படி' போடவா?

பட்டியல்மேசை:
உருப்படி. 'பதிவு' மீத்தரவுக்கு வேண்டியிருக்கும், இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் வாசகர் குழம்பிவிடுவார்.