45 லிட்டர் கடல்தொட்டி: டோசிங் எப்போது தொடங்கினேன்

போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார்: "தொட்டி வைத்து மூன்று மாதமாகிறது, கல்சியம், கே.எச். எல்லாம் ஊற்றத் தொடங்கலாமா அண்ணா?"

டோசிங் என்பது, முருகை (பவளம்) சுண்ணாம்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கல்சியத்தையும் கார்பனேட்டையும் நாம் ஊற்றி ஈடுகட்டுவது. அந்தக் கார்பனேட்டின் அளவுதான் கே.எச். மாதக் கணக்கை விட்டுவிடுங்கள் தம்பி. அந்தக் கணக்கில் போய்த்தான் நான் அடிபட்டேன்.

என்னுடையது இரண்டடித் தொட்டி. கல்லும் மணலும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே சோவா, மஷ்ரூம் என்ற இரண்டு வகை முருகை மட்டுமே. இரண்டுமே சுண்ணாம்பு எலும்பு கட்டாத சாதி, அதனால் கல்சியம் கேட்பது மிகக் குறைவு. அது தெரியாமல் மூன்றாவது கிழமையே கல்சியம், கார்பனேட் இரண்டையும் தினம் ஒரு மூடி ஊற்றத் தொடங்கினேன். ஒருநாள் பம்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி ஒரு படலம். நகத்தால் சுரண்ட மாவாக உதிர்ந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தேன், கே.எச். 13. கடலில் அது கிட்டத்தட்ட 7. நான் ஊற்றிய கல்சியம் முருகைக்குப் போகாமல் பம்பில் சுண்ணாம்பாகப் படிந்திருந்தது. ஒரு சோவாக் கூட்டம் மூடியது மூடியதுதான், பிறகு விரியவே இல்லை.

அப்புறம் நிறுத்திவிட்டு, ஞாயிறுதோறும் 5 லிட்டர் மாற்றுவதோடு இருந்தேன். நான் இருப்பது திருகோணமலைப் பக்கம், தொட்டிக்கு நிலாவெளிக் கடல் தண்ணீரைத்தான் கானில் கொண்டுவருவேன். அந்த வருடம் மாரி தொடங்கி நிலாவெளியில் அலை ஏறிவிட்டது. கான் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கப் பயந்து, நாலைந்து கிழமை உட்துறைமுகப் பக்கம் அள்ளினேன். மார்கழியில் சோதித்தால் கே.எச். 6.2. சரி, முருகை தின்னத் தொடங்கிவிட்டது, இனி ஊற்றலாம் என்று போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லகாலம், மற்ற இரண்டையும் பார்த்தேன். லிட்டருக்கு 410 மில்லிகிராம் இருக்க வேண்டிய கல்சியம் 365. 1280 இருக்க வேண்டிய மக்னீசியம் 1140.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். முருகையோ கோரலைன் பாசியோ சுண்ணாம்பு கட்டும்போது, கே.எச். 1 இறங்கினால் கல்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் இறங்கும். மக்னீசியம் அசைந்ததே தெரியாது. எனக்கோ மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தன. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், உப்பு ஆயிரத்துக்கு 35க்குப் பதில் 31. மாரியில் மகாவலி வெள்ளம் துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக்குடாவில்தானே வந்து விழுகிறது! அந்தத் தண்ணீரைத்தான் நான் அள்ளி வந்திருக்கிறேன். குறைந்திருந்தது உப்புத்தான். அதை மெல்ல மெல்ல 35க்கு ஏற்றியதும் மூன்றும் தாமாக இடத்துக்கு வந்தன. நம்முடைய ஊரில் கடல் தண்ணீர் பாவிக்கிறவர்கள் கே.எச். பார்க்கும் முன் உப்பைப் பாருங்கள்.

உண்மையாகத் தொடங்க வேண்டிய நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. பின் கண்ணாடி முழுக்க கோரலைன் ஊதாவாகப் படர்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு தண்ணீர் மாற்றிய பின் கே.எச். 6.8. அடுத்த ஞாயிறு 6.3. அன்று 5 லிட்டர் மாற்றியும் 6.4க்கு மேல் ஏறவில்லை. உப்பு இரண்டு முறையும் 35. தண்ணீர் மாற்றி ஈடுகட்ட முடியாத செலவு இது. கிழமைக்கு 0.5.

ஊற்றியது குசினியில் இருந்த வெறும் அப்பச்சோடா, வேறொன்றும் கலக்காதது. 45 லிட்டரில் கே.எச். 1 ஏற்ற 1.35 கிராம் போதும். என் செலவுக்கு ஒருநாளைக்கு 0.1 கிராம், அதாவது விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. ஒரு தேக்கரண்டியை அப்படியே கொட்டினால் 3க்கு மேல் ஏறும், சின்னத் தொட்டி அதைத் தாங்காது. ஆகவே 10 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் (உப்பு நீக்கி வடிகட்டியது) கரைத்து வைத்து, தினம் சிரிஞ்சால் 10 மில்லிலிட்டர், பம்பின் முன்னால் விடுகிறேன். கல்சியத்தை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். இதுவரை ஊற்றத் தேவைப்படவில்லை.

உப்புவெளியிலிருந்து ஒருவர்:
எனக்கு நேர்மாறாக நடந்தது அண்ணா. பங்குனி வெயிலுக்கு ஃபேன் போட்டு வைத்தேன், தினம் ஒரு லிட்டர் வற்றியது. வற்றியதற்கும் கடல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். கே.எச். இறங்கவே இல்லை, தொட்டி ஒன்றும் செலவழிக்கவில்லை என்று நம்பினேன். பார்த்தால் உப்பு 39. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். இப்போது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். மூன்று கிழமையில் உண்மையான இறக்கம் தெரிந்தது.

டொரொன்டோவில் இருக்கும் நம் ஊர்க்காரர்:
இங்கே நான் சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல்முருகை வைத்திருக்கிறேன், எல்லாம் பண்ணையில் வளர்த்தவை. என் தொட்டியில் கே.எச். ஒருநாளைக்கு 0.8 இறங்கும், ஒருநாள் தவறினால் நுனி வெளிறும். அதனால் இரண்டு போத்தல் முறைதான். கல்சியம் ஒன்று, கார்பனேட் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும், இடைவெளி விடுங்கள். என்னைப் பார்த்து 0.8க்கு ஊற்றாதீர்கள். சோவாத் தொட்டிக்கு அது நஞ்சு.

முதலில் எழுதியவர்:
இன்னொரு தம்பி தனியாகக் கேட்டார், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் ஒடிந்து கிடக்கும் முருகைத் துண்டை எடுத்து வளர்க்கலாமா என்று. வேண்டாம் தம்பி. அது 2003 முதல் தேசியப் பூங்கா, கல்முருகை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. ஒடிந்த துண்டும் அடியில் பிடித்துக்கொண்டால் அங்கேயே வளரும். உங்கள் தொட்டியின் அளவுகளை ஏழு நாள் ஒரே நேரத்தில் எடுத்து இங்கே போடுங்கள். உப்பு, கே.எச். இரண்டும் வேண்டும், நான் பார்த்துச் சொல்கிறேன்.