பழைய சம்பளம் எவ்வளவு எண்டு கேக்கிறாங்க, சொல்லத்தான் வேணுமா?

கல்லடிப்புள்ள:
வணக்கம் எல்லாருக்கும். நான் மட்டக்களப்பு டவுன்ல ஒரு தனியார் ஒபிஸ்ல அஞ்சு வருஷமா எக்கவுண்ட்ஸ் பாக்கிறன், கைக்கு வாறது 42,000. இப்ப வீட்ட இருந்தே செய்யிற வேலை ஒண்டு, கொழும்புக் கம்பனி, ரெண்டு இன்டர்வியூவும் நல்லாப் போச்சு. நேத்து ஒரு ஃபோம் அனுப்பி இருக்காங்க, அதில இப்ப எடுக்கிற சம்பளம், அதுக்கு முந்தி எடுத்தது, கடைசி மூணு மாசப் பே ஷீட் எல்லாம் வேணுமாம். இதே வேலைக்கு அங்க இருக்கிற ஆக்களுக்கு ஒரு லட்சத்துக்குக் கிட்டக் குடுக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டன், நான் 42 எண்டு எழுதினா 50ஓட முடிச்சிருவாங்க எண்டு பயமாக் கிடக்கு. அமெரிக்காவில இருக்கிற மச்சாள் சொல்றா அங்க இப்படிக் கேக்கிறதே சட்டப்படி பிழையாம். உண்மையா? இஞ்சயும் அப்படி ஏதும் இருக்கா? கொஞ்சம் கூட்டி எழுதினா என்ன எண்டும் யோசிக்கிறன். நாளைக்குள்ள அனுப்பணும்.

அக்கரைப்பற்று_நானா:
தங்கச்சி, கூட்டி மட்டும் எழுதிராதீங்க. நான் எட்டு வருஷம் எச்ஆர்ல இரிந்த ஆள். பே ஷீட்டுல ஈபிஎஃப் 8 வீதம் வெட்டின தொகை இரிக்கும், அத வெச்சே எவ்வளவு எடுத்தீங்க எண்டு கணக்குப் பாத்திரலாம், வேலையில சேந்த பொறகு புடிபட்டா அது பெரிய கரச்சல்.
இலங்கையில இதத் தடுக்கிற சட்டம் இல்ல. ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்குத்தான் சட்டம் இரிக்கி, 2026 ஜனவரில இருந்து மாசம் 30,000, அதுக்கு மேல நீங்களும் அவங்களும் பேசி முடிக்கிறதுதான். ஆனா கேக்கலாம் எண்டதுக்காக நீங்க சொல்லியே ஆகணும் எண்டும் இல்ல. ஏன் கேக்கிறாங்க எண்டு உள்ளுக்க இரிந்தவன் சொல்றன், அந்த இடத்துக்கு ஒதுக்கின காசு 90 ஆயிரம் எண்டு வைங்க, வாற ஆள் 40 எடுக்கிறார் எண்டு தெரிஞ்சா 55க்கு முடிச்சிரலாம். கல்முனைப் பொடியன் ஒராள நானே அப்படி முடிச்சிரிக்கன், கெட்டிக்காரப் பொடியன், இப்பயும் நினைச்சா மனசு குத்துது.

வந்தாறுமூலைக்_கம்பஸ்:
மச்சாள் சொன்னது உண்மைதான், ஆனா அமெரிக்கா முழுக்க இல்ல, மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். முதல்ல சட்டம் போட்டது மசசூசெட்ஸ், 2016ல நிறைவேத்தி 2018 ஜூலையில நடைமுறைக்கு வந்தது. நியூயோர்க் சிட்டியில 2017 ஒக்டோபர், கலிபோர்னியாவில 2018 ஜனவரி. மிச்சிகன் மாதிரி இடங்களில மறுவளமா, நகரசபைகள் இப்படித் தடை போடக் கூடாது எண்டே சட்டம்.
இது ஏன் வந்த எண்டா, பொம்பிளையளுக்குத் தொடக்கத்தில குறைச்சுக் குடுத்த சம்பளம் அடுத்த வேலைக்கும் அதுக்கடுத்த வேலைக்கும் கூடவே போகுது. கலிபோர்னியாவில ஃபிரெஸ்னோ மாவட்டக் கல்வி ஒபிஸ்ல எயிலீன் ரிஸோ எண்டு ஒரு கணித ஆலோசகர், அவவுக்குப் பழைய சம்பளத்தில 5 வீதம் கூட்டித்தான் சம்பளம் போட்டாங்க, மறுகா பாத்தா புதுசா வந்த ஆம்பிளைக்கு அவவ விடக் கூட. கேஸ் போட்டா. பழைய சம்பளத்தக் காரணம் காட்டி ஆம்பிளை பொம்பிளைக்கு வித்தியாசமாக் குடுக்கேலாது எண்டு 2020ல அப்பீல் கோட் சொல்லிட்டு.
எங்கட ஆக்களுக்கு அதுக்கு மேல இன்னொண்டும் இருக்கு. உங்களுக்கு 42 தந்தது உங்கட கெட்டித்தனத்துக்குப் போட்ட விலை இல்ல, மட்டக்களப்பில அந்த வேலைக்கு அவ்வளவுதான் குடுக்கிறாங்க. அந்த விலையக் கொழும்புக்கும் ஏன் தூக்கிட்டுப் போகணும்?

களுவாஞ்சி_வான்கூவர்:
நான் களுவாஞ்சிக்குடி, இப்ப கனடாவில. இஞ்ச பிரிட்டிஷ் கொலம்பியாவில 2023 மே மாசத்தில இருந்து பழைய சம்பளம் கேக்கவே ஏலாது, அதே வருஷம் நவம்பர்ல இருந்து பொது விளம்பரத்தில சம்பளத்தையும் போடணும். வேலை செய்யிற ஆக்கள் தங்களுக்குள்ள சம்பளத்தச் சொல்லிக்கிட்டா அதுக்காகத் தண்டிக்கவும் ஏலாது. நான் முதல் வேலைக்குப் போன நேரம் இந்தச் சட்டம் வரல்ல, ஊர்ல எடுத்த காச டொலருக்கு மாத்திச் சொல்லிட்டன், அத வச்சே போட்டாங்க, அந்தப் பள்ளத்தில இருந்து ஏற எனக்கு நாலு வருஷம் போச்சு. சொல்லாதீங்க தங்கச்சி.

ஏறாவூர்_ஹார்ட்வெயார்:
நான் பத்துப் பேர வச்சி வேலை வாங்குறன். கேக்காம எப்படி எங்களுக்கு ஆளோட நிலைமை விளங்கும்? எங்களால குடுக்க ஏலாத சம்பளத்த எதிர்பாக்கிற ஆள வரச்சொல்லி ரெண்டு பேர்ட நேரமும்தான் வீண்.

வந்தாறுமூலைக்_கம்பஸ்:
அண்ணன், எவ்வளவு எதிர்பாக்கிறீங்க எண்டு கேளுங்க, அத அந்தச் சட்டங்களே தடுக்கல்ல. இல்லாட்டி நீங்களே முதல்ல இவ்வளவுதான் ஏலும் எண்டு சொல்லிருங்க, நேரமும் வீணாகாது. முந்தி வேலை செஞ்ச இடத்தில என்ன குடுத்தாங்க எண்டதுதான் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.
கல்லடிப்புள்ளக்கு இன்னொண்டு. மசசூசெட்ஸ்ல, சம்பளம் பேசி ஒஃபர் குடுத்ததுக்குப் பிறகு பழைய சம்பளத்த உறுதிப்படுத்தலாம். இஞ்ச சட்டம் இல்லாட்டியும் நீங்க அதையே கேட்டுப் பாக்கலாம், முதல் ஒஃபர், பிறகு பே ஷீட்.

கல்லடிப்புள்ள:
எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குக் காலம எச்ஆருக்குக் கோல் எடுத்து இந்த வேலைக்கு என்ன ரேஞ்ச் எண்டு நேராக் கேட்டன், கை நடுங்கிட்டு. கொஞ்சம் யோசிச்சிட்டு 85ல இருந்து 110 வரை எண்டாங்க. பழைய சம்பளத்த வெறுமையா விட்டுட்டு எதிர்பாக்கிறது 100 எண்டு எழுதி அனுப்பிட்டன், பே ஷீட் ஒஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு தாறன் எண்டு சொன்னன். மேல கேட்டுச் சொல்றம் எண்டு வச்சிட்டாங்க. இன்னும் பதில் வரல்ல, வந்தா இஞ்சயே எழுதுறன்.