முல்லைத்தீவுக் கரையில் வைன் முந்திரிகை (திராட்சை) வருமா?

கடலோரம்:
பிரான்சில் போர்தோவுக்கு வடக்கே, வைன் தோட்டங்கள் உள்ள மெடொக்கில் இரண்டு வருடம் முந்திரிகை பறிக்கிற காலத்தில் வேலை செய்தேன். ஒரு பக்கம் அத்திலாந்திக், மறுபக்கம் ஜிரோந்து கழிமுகம். ஒரு கை மண் அள்ளினால் மண் விரலிடுக்கில் வழிந்துபோய்க் கூழாங்கல்தான் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டி வடிய விடும்வரை அங்கே நிறைய இடம் சதுப்பு. அளம்பிலில் இருந்து கொக்கிளாய் வரை எங்களுக்கும் கடல், களப்பு, தண்ணீர் நிற்காத மணல் எல்லாம் இருக்கிறது. கச்சான் (நிலக்கடலை) பயிரோடு ஏன் நிற்க வேண்டும்? யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் இஸ்ரேல் புளூ முந்திரிகை காய்க்கிறதுதானே.

குளக்கட்டு:
தம்பி, காய்ப்பது வேறு, வைன் வேறு. அங்கே பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும், வருடத்துக்கு ஒரு அறுவடை. இங்கே அதற்குத் தூக்கமே இல்லை, நாங்கள் கத்தரித்துத்தான் பூக்க வைக்கிறோம். இரவிலும் வெக்கை, அதனால் பழத்தில் புளிப்பு நிற்காது, புளிப்பில்லாத வைன் சப்பென்று இருக்கும். பிறகு மாரி. என் முற்றத்துக் கொடியில் ஒரு கிழமை மழைக்குள் இலையின் மேலே எண்ணெய் தெறித்தது போல மஞ்சள் பொட்டு, அடியில் வெள்ளைப் பங்கசு. மார்கழியில் பந்தலில் வெறும் குச்சிதான் நின்றது.

கடலோரம்:
கோடையில் பழுக்கிற மாதிரிக் கத்தரித்தால்? 2017 ஏப்ரல் உறைபனியில் போர்தோப் பக்கம் எத்தனையோ தோட்டம் கருகியபோது கழிமுகத்தை ஒட்டிய தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. தண்ணீர்க் கரைக்கென்று ஒரு குணம் இருக்கிறது அண்ணை.

பாளை:
அந்தத் தண்ணீர் காத்தது குளிரில் இருந்து. எங்களுக்குக் குளிரா பிரச்சினை? மெடொக்குக்கும் அத்திலாந்திக்குக்கும் நடுவில் பைன் காடு நின்று கடற்காற்றைத் தடுக்கிறதை விட்டுவிட்டீர்கள். இங்கே வாடை நேரே கொடியில் உப்பைத் தெளிக்கும். உப்பும் மணலும் தாங்குகிற பனை ஏற்கெனவே நிற்கிறது. விடிய முட்டியை இறக்கும்போதே கள்ளு நுரைத்துக்கொண்டிருக்கும், ஈஸ்ட் யாரும் போடுவதில்லை. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அதே பாளையில் புளிக்காத இனிப்புக் கருப்பணி. மெடொக்கில் 1855இலேயே வைனைத் தோட்டம் தோட்டமாகத் தரம் பிரித்து வைத்தார்கள். கரைப் பனைக் கள்ளுக்கும் குளத்தோரப் பனைக் கள்ளுக்கும் ருசி வேறா என்று நாங்கள் எப்போதாவது உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

குளக்கட்டு:
பேசலாம், ஆனால் காலையில் இறக்கிய கள்ளு பொழுதுபடப் புளித்துவிடும். வைன் பீப்பாவில் வருடக்கணக்கில் இருக்கும். சீவுகிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள், போரில் தலை போன பனைகளையும் நினைத்துப் பாருங்கள்.

கடலோரம்:
தையில் பத்துக் கொடியைக் கத்தரித்துப் பார்க்கத்தான் போகிறேன், வைகாசியில் பழம் வந்தால் புளிப்பு எவ்வளவு என்று எழுதுகிறேன். பாளை சொன்ன காற்றுக்காகக் கடல் பக்கம் இரண்டு வரிசை பனங்கொட்டை போடுகிறேன்.

பாளை:
போடுங்கள். அது பாளை தள்ளப் பதினைந்து வருடமாவது பொறுக்க வேண்டும், அதுவரை வாடைப் பக்கம் கிடுகு வேலியை உயர்த்திக் கட்டுங்கள்.