9 வருடம் மண்ணில் ஓட்டியவனுக்கு முதல் ரோடு வண்டி எது? தார்ரோட்டில் வளைவு வரமாட்டேன் என்கிறது

செம்மண்புழுதி:

வணக்கம். வயது 24, ஊர் கிணத்துக்கடவு. 15 வயதிலிருந்து மண் டிராக்கில் ஓட்டுகிறேன். முதலில் மாமாவின் பழைய ஆர்எக்ஸ் 100, லைட்டு, இண்டிகேட்டர், மட்கார்டு எல்லாம் கழற்றியது. இப்போது டீம் வண்டி, கவாசாகி கேஎக்ஸ் 250. சிரிக்காதீர்கள், சொந்தமாக ஒரு ரோடு வண்டி எனக்கு இருந்ததே இல்லை. டிராக்குக்கு வண்டி குட்டியானையில் போகும், நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். வேலைக்குக் கம்பெனி வேன்.

இப்போது வேலை சரவணம்பட்டிக்கு மாறிவிட்டது. ஒருவழி 30 கி.மீ.க்கு மேல், வேன் கிடையாது. எல்எல்ஆர் எடுத்தாயிற்று. கையில் 3 லட்சம் இருக்கிறது. என் மனதில் 390 டியூக், அதற்குக் கொஞ்சம் கடன் போட வேண்டும். டீமில் எல்லோரும் மண்ணிலும் ரோட்டிலும் ஓடுகிற எக்ஸ்பல்ஸ் எடு என்கிறார்கள். அம்மாவுக்கு ஹண்டர் 350 பிடித்திருக்கிறது, "அதுல போனாத்தான் மனுசன் போற மாதிரி இருக்கு" என்கிறார்.

ஆனால் உண்மையான சந்தேகம் வேறு. போன ஞாயிறு நண்பனின் டியூக் 200-ஐ வாங்கி நெகமம் ரோட்டில் ஓட்டினேன். பழைய மாடல், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) இல்லை. ஒரு இடது வளைவு, வேகம் 55 கூட இருக்காது. எதிரே தேங்காய் லோடு லாரி. வண்டி உள்ளே திரும்பாமல் வெளிப்பக்கமாகவே போனது. பழக்கத்தில் இடது காலை நீட்டிவிட்டேன், வலது கால் பின் பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டது. பின் சக்கரம் லாக் ஆகி வண்டி குறுக்காக நின்றது. லாரிக்காரர் ஒதுக்கியதால் பிழைத்தேன். பின்னால் வந்த நண்பன் "செம ஸ்லைடு" என்றான். எனக்குத்தான் கை நடுங்கியது. டிராக்கில் இதைவிட வேகமாகத் திருப்புகிறேன். வண்டியில் கோளாறா, என்னிடமா?

ரெட்டைச்சக்கரம்:

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம், 390 எடுங்கள். 46 பிஎஸ் பவர் எல்லாம் கேஎக்ஸ் ஓட்டுகிற கைக்கு ஜுஜுபி. டயர் அகலம் பத்தவில்லை போல, அதான் வெளியே போயிருக்கும்.

பட்டறைமாமா:

மேலே சொன்ன தம்பி, டயர் அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 55-ல் அந்த டயர் தாராளமாகத் திரும்பும்.

செம்மண் தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் முன் டயரில் காற்று எவ்வளவு இருந்தது? நண்பன் வைத்ததா, நீங்கள் ஏதாவது கை வைத்தீர்களா? அப்புறம் அந்த வளைவில் கண் எங்கே இருந்தது?

செம்மண்புழுதி:

மாமா, நீங்கள் மந்திரவாதியா? ஓட்டிப் பார்த்தபோது வண்டி ரொம்ப இறுக்கமாக, குண்டும் குழியும் முதுகில் தெரிகிற மாதிரி இருந்தது. அதனால் முன்னும் பின்னும் காற்றை இறக்கி 18 வைத்தேன். டிராக்கில் 12, 13-ல்தானே ஓட்டுவோம். கண்... லாரி மேல்தான் இருந்தது.

பட்டறைமாமா:

அதானே. பாதி விடை வந்துவிட்டது. டிராக்கில் போடுகிற, கட்டை கட்டையாகத் துருத்தியிருக்கும் பொத்தான் டயருக்கு 12, 13 சரி, மண் கெட்டி இல்லை, டயர் நசுங்கி மண்ணைக் கவ்வ வேண்டும். ரோடு டயருக்குக் கிட்டத்தட்ட 30 வேண்டும், வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 18-ல் டயரின் சுவர் மடங்கும், ஹேண்டில் கனக்கும், சாய்த்தால் வண்டி தாமதமாகத் திரும்பும். வெளியே போனதற்கு அது ஒரு காரணம். இறுக்கமாக இருந்தது காற்றால் அல்ல. கேஎக்ஸில் சஸ்பென்ஷன் ஓர் அடி இறங்கும், டியூக்கில் அதில் பாதிதான். அந்தப் பழக்கத்தில் எந்த ரோடு வண்டியும் உங்களுக்குக் கட்டை வண்டியாகத்தான் தெரியும்.

மீதிப் பாதி உங்கள் உடம்பு. மண்ணில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து, முழங்கையைத் தூக்கி, வண்டியை மட்டும் கீழே அழுத்தி, உடம்பை நேராக வைத்து, உள்பக்கக் காலை நீட்டுகிறீர்கள். அங்கே அது சரி, பிடிப்பு இல்லாத தரையில் வண்டி வழுக்கினால் உடனே தாங்க வேண்டும். தாரில் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க, உடம்பு நேராக இருந்தால் வண்டி கூடுதலாகச் சாய வேண்டும். வண்டியோடு சேர்ந்து சாயுங்கள், இல்லை தோளை வளைவின் உள்ளே கொஞ்சம் இறக்குங்கள். இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில், தொடை டேங்கில். கண் வளைவின் முடிவில். லாரியைப் பார்த்தால் லாரியிடம்தான் போவீர்கள், இது உங்களுக்கே டிராக்கில் தெரிந்த விஷயம்.

கடைசியாகப் பின் பிரேக். தம்பி, அன்றைக்கு நீங்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று, குறுக்காகப் போன பிறகும் பிரேக்கை விடாமல் நின்றது. பாதியில் விட்டிருந்தால், வழுக்கிக்கொண்டிருந்த பின் டயரைத் தார் சட்டென்று பிடித்திருக்கும். வண்டி உதறி உங்களை மேலே தூக்கி வீசியிருக்கும், விழுந்திருப்பது எதிர்ப்பக்கம், லாரியின் முன்னால். மண் இப்படிப் பிடிக்காது, அதனால் அந்தப் பயம் உங்களுக்குப் பழகவில்லை.

தாரில் நிறுத்துவது முன் பிரேக். பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்னால் போகிறது, பின் சக்கரத்தில் கொஞ்சம்தான் மிச்சம். வெடுக்கென்று பிடிக்காமல் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அழுத்தத்தைக் கூட்டுங்கள். மண்ணில் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்து விழுந்து கை அதைத் தொடவே பயப்படும், இதுதான் உங்களைப் போன்ற பையன்களிடம் நான் பார்ப்பது.

எட்டுப்போட்டவள்:

மாமா வண்டியைச் சொல்லிவிட்டார், நான் ரோட்டைச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து கோவைக்கு அவினாசி ரோட்டில் நான்கு வருடமாகப் போய் வருகிறேன்.

டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், எல்லோருக்கும் ஓட்டத் தெரியும். இங்கே இரண்டும் இல்லை. ஸ்டாப்பில் இடதுபக்கம் நிற்கும் டவுன் பஸ் கையைக் கூடக் காட்டாமல் வெளியே வரும். சென்டர் மீடியனில் ஒரு சந்து இருந்தால் அதிலிருந்து ஒரு மொபட் வரும், புல்லுக்கட்டோடு. இரவில் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை. மழை பெய்த முதல் பத்து நிமிடம் டீசலும் தூசியும் சேர்ந்து சோப்புத் தண்ணீர். உங்களுக்குச் சறுக்கினால் சமாளிக்கத் தெரியும், அது பெரிய சொத்து, என்னிடம் இல்லாதது. ஆனால் கண்ணாடி பார்க்கும் பழக்கம் இருக்கிறதா? கேஎக்ஸில் கண்ணாடியே கிடையாதே. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அணைக்க மறப்பீர்கள், எழுதித் தருகிறேன்.

ஹெல்மெட்டும் சொல்ல வேண்டும். அந்த நீண்ட மூக்கு வைத்த டிராக் ஹெல்மெட்டோடு பொள்ளாச்சி ரோட்டில் 80-ல் போனால் காற்று தலையைப் பின்னால் இழுக்கும், தலையைத் திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் இழுக்கும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு ஹெல்மெட், கண்ணாடி மூடியோடு வாங்குங்கள். ஜெர்சியும் வேண்டாம், அது மண்ணுக்கு. தாரில் உரசினால் ஒரு நொடியில் கிழிந்துவிடும்.

செம்மண்புழுதி:

இண்டிகேட்டர் விஷயம் ஏற்கனவே நடந்துவிட்டது. அன்றைக்கு வீடு வரை வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டே வந்ததாம்.

சரி, வண்டிக்கு வருவோம். இதையெல்லாம் கேட்டால் எக்ஸ்பல்ஸ்தான் சரி என்று தோன்றுகிறது. 21 அங்குல முன் சக்கரம், உயரமான ஹேண்டில், எனக்குப் பழகிய உட்காரும் முறை. தப்பா?

மலைப்பாதை:

தப்பே இல்லை. நான் எக்ஸ்பல்ஸ் 200 4வி-தான் வைத்திருக்கிறேன். 159 கிலோ, 19 பிஎஸ், இந்த ஊர் ரோட்டுக்கு அந்த சஸ்பென்ஷன் சொர்க்கம். வால்பாறையின் 40 கொண்டை ஊசியும் அதில்தான் போகிறேன். பழகிய வண்டியில் பயம் குறையும், அது பாதுகாப்புதானே?

பட்டறைமாமா:

மற்றவர்களுக்கு நானும் எக்ஸ்பல்ஸைத்தான் சொல்வேன், நல்ல வண்டி. இந்தத் தம்பிக்கு முதல் வண்டியாக வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம், அதில் ஏறியதும் உடம்பு "டிராக்" என்று நினைத்துக்கொள்ளும். முழங்கை மேலே போகும், கால் வெளியே போகும். மாற்ற வேண்டிய பழக்கத்தை மாற்றவே விடாது. அப்புறம் 30 கி.மீ. நாலுவழிச் சாலையில் தினமும் 80-ல் போக 19 பிஎஸ் போதும்தான், ஆனால் இவர் சும்மா இருக்க மாட்டார். முழு ஆக்சிலேட்டரில் பிழிந்துகொண்டே போவார், எனக்குத் தெரியும்.

ஹண்டர் 181 கிலோ. 108 கிலோ வண்டியிலிருந்து வருகிறவருக்கு எருமையை இழுத்துப் போகிற மாதிரி இருக்கும். அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

390-ஐ வேண்டாம் என்பது வேகத்துக்காக இல்லை. கேஎக்ஸை அடக்குகிறவருக்கு அந்த வேகம் பயமில்லை, அதுதான் சிக்கலே. கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது, அதற்கு மேல் 40. 399 சிசி வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்றாம் நபர் காப்பீடு புது வண்டிக்கு 5 வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்: 2022-ல் வந்த கட்டணப்படி 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. நம் ஊர் சாலை வரி லட்சத்துக்கு மேல் 12 சதவீதம், வண்டி விலை ஏற ஏற அதுவும் ஏறும். இவ்வளவும் கொடுத்துக் கடனில் வாங்கிவிட்டு ஹெல்மெட்டுக்குக் காசில்லை என்பீர்கள்.

என் கணக்கில் இரண்டு வண்டி. 250 டியூக், 31 பிஎஸ், 163 கிலோ. இல்லையென்றால் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி, 20.8 பிஎஸ், 152 கிலோ, கியரைச் சட்டென்று இறக்கினால் பின் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்சும் உண்டு, விலையும் குறைவு. இரண்டிலும் இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கிற மாடலாகப் பாருங்கள். டியூக்கில் சூப்பர்மோட்டோ என்று ஒரு மோட் இருக்கும், பின் ஏபிஎஸ்ஸை அணைத்துவிடும். கை துறுதுறுக்கும். ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள்.

வாங்கியதும் தெரிந்தவரின் மில் வளாகம் மாதிரி காலியான தார்த்தளத்துக்குப் போங்கள். ஒரு செங்கல்லை வையுங்கள். 40-ல் வந்து செங்கல்லைத் தாண்டியதும் நிறுத்துங்கள், முன் பிரேக் முக்கால், பின் பிரேக் கால். தினமும் இருபது தடவை. லீவர் துடிப்பது தெரிந்தால் அது ஏபிஎஸ், பயந்து விட்டுவிடக் கூடாது.

ரெட்டைச்சக்கரம்:

சரி மாமா, நான் 390 என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். காப்பீடு இரண்டு மடங்கு என்று தெரியாது.

எட்டுப்போட்டவள்:

செம்மண், எல்எல்ஆரோடு நெகமம் ரோட்டில் போனீர்களே, எல் போர்டு ஒட்டினீர்களா? கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். எட்டுப் போடும்போது கால் தரையில் பட்டால் போச்சு, நினைவில் வையுங்கள்.

செம்மண்புழுதி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஒரு ஷோரூமில் டெஸ்ட் ரைடு என்று பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்து, தெருமுனை வரை போய்த் திரும்பச் சொன்னார்கள். அதில் என்ன தெரியும்? இன்னொரு இடத்தில் சாவியைக் கொடுத்து அரை மணி நேரம் விட்டார்கள். ஆர்டிஆரும் ஓட்டினேன், 250 டியூக்கும் ஓட்டினேன். ஆர்டிஆர் இன்னும் இதமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் ஆபீசுக்கு அதுதான் சரி. ஆனால் டியூக்கின் அகலமான ஹேண்டிலில் கை வைத்ததும் தோள் தானாக இறங்கியது. டியூக்கே எடுத்துவிட்டேன். மிச்சப் பணத்தில் ஹெல்மெட், முழங்கையிலும் முதுகிலும் பேட் வைத்த ஜாக்கெட், கையுறை. கடன் இல்லை.

செங்கல் பயிற்சி செய்கிறேன். முதல் நாள் செங்கல்லிலிருந்து எங்கேயோ போய் நின்றேன், வலது கால்தான் முந்தியது. மூன்றாம் வாரம்தான் கை முதலில் போக ஆரம்பித்தது.

எட்டு... முதல் தடவை ஃபெயில். முதல் சுற்று அருமையாகப் போனது. இரண்டாவது வளைவில் அந்தச் சனியன் இடது கால் தானாக வெளியே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு "என்னப்பா, காலை எங்கே நீட்டுற, உள்ள வை" என்றார். ஆர்எக்ஸ் கொடுத்த என் மாமாவிடம் சொன்னபோது அரை மணி நேரம் சிரித்தார். அடுத்த வாரம் போய்ப் போட்டேன், பாஸ். லைசென்ஸ் வந்துவிட்டது.

பட்டறைமாமா:

சந்தோசம் தம்பி. நண்பனின் வண்டிக்குக் காற்று அடித்துக் கொடுத்தீர்களா?

செம்மண்புழுதி:

காற்று அன்றைக்கே அடித்தேன் மாமா. அப்புறம்தான் பார்த்தோம், லாக் ஆன இடத்தில் பின் டயர் ஒரு கை அகலத்துக்குத் தட்டையாகத் தேய்ந்திருந்தது, ஓடும்போது டக் டக் என்று சத்தம். புது டயர் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.