மறு: மறு: முதுகறுவைக்குப் பின்னும் விடாத வலிக்கு என்ன பெயர்?

நோயாளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய ஆங்கிலப் பெயரை ஒட்டி 'தோல்வியுற்ற முதுகு அறுவை நோய்த்தொகை' என்று போட்டிருக்கிறேன். உறுத்துகிறது. வேறு சொல் உண்டா?

——
> தோல்வியுற்ற முதுகு அறுவை

இந்தப் பெயரெச்சம் எதைத் தழுவுகிறது? முதுகு தோற்றதா, அறுவையா? அறுவையே சங்கத் தமிழில் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் விற்றது புடைவைதான். 'வலி'யும் வலிமை அல்லவா, குறளில் வலியறிதல் அதிகாரம் எதற்கு? 'நோவு' என்க. கீழ்முதுகுக்கு 'நாரி' இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் நாரி நோகுது என்பார்கள். வில்நாணுக்கும் அதே பெயர். வளைந்து நிமிரும் இடம் என்பதால் வந்திருக்கலாம். என் பரிந்துரை: பின்னறுவை நாரிநோவு.

——
ஐயா, 'நாரி' என்றால் பெண் என்றும் பொருள். மதுரையில் இதை அச்சிட்டால் மகளிர் நோய்ப் பிரிவில் போய் நிற்பார்கள்.

——
'தோல்வி'யை மருத்துவ உலகிலேயே விட்டுவிடச் சொல்கிறார்கள். 2021இல் வந்த முன்மொழிவு 'நீடித்த முதுகெலும்பு வலி' என்கிறது. அறுவைக்குப் பின் இருப்பது வகை 2. ('தண்டுவட வலி' வேண்டாம். தண்டுவடம் உள்ளே ஓடும் நரம்புத்தண்டு.) ஐசிடி-11 (உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு) கணக்கில் குறைந்தது 3 மாதம் நீடிக்க வேண்டும்.

பெயரில் காரணம் ஏறக்கூடாது, காரணங்கள் பல. கால்வலி ஒருநாள்கூடக் குறையவில்லை என்றால் நரம்பின் நெருக்கம் முழுதும் நீங்கவில்லை, அல்லது கீழ்முதுகின் 4, 5ஆம் எலும்புகளுக்கு இடையே (எல்4–எல்5) செய்வதற்குப் பதில் வேறு மட்டத்தில் கை வைத்திருக்கலாம். சில மாதம் நன்றாக இருந்து திரும்பினால் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு மறுபடி பிதுங்கியிருக்கலாம். தழும்புத்திசுவும் நரம்பைப் பற்றலாம். இரண்டையும் பிரிக்க கடோலினியம் என்ற நிறமூட்டு மருந்தை ஏற்றி எம்ஆர்ஐ எடுப்பார்கள்: தழும்பு ஒளிரும், வட்டுத்துண்டு உடனே ஒளிராது. திருகாணி போட்டு இணைத்தவர்களுக்கு எலும்பு கூடாமல் போவது, பக்கத்து மூட்டு தேய்வது தனிக்கதை.

பெயர் எதுவானாலும் இந்த வரி தடித்த எழுத்தில் வரட்டும்: சிறுநீர் பிரியாவிட்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

——
'முதுகறுவைக்குப் பின் நீடிக்கும் வலி' என்று போடுகிறேன். மூவர் சரி என்றார்கள், மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள்.

——
அது சொற்றொடர், கலைச்சொல் அன்று. அடைமொழி சேர்க்க முயன்று பாருங்கள், தெரியும். அகராதிக் குழுவுக்கு 'நாரிநோவு' தனியே போகும். முதுகு + அறுவை = முதுகறுவை, புணர்ச்சி மட்டும் சரி.