பொம்மசந்திரா டூ கப்பன் பார்க்: மாத்தல் ஒண்ணா, ரெண்டா?

மாங்கனி: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இருந்து பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா மியூசியம் போக "பொம்மசந்திராவுல மெட்ரோ ஏறுங்க, ஒரே மாத்தல், கப்பன் பார்க்"னு அதியமான்கோட்டை நேத்து எழுதியிருக்காரு. தப்பு. ரெண்டு தடவை வண்டி மாத்தணும். பொம்மசந்திராவுல ஏறற மஞ்சள் லைன் ஆர்.வி. ரோட்டோட முடிஞ்சுது. அங்க பச்சை லைன் ஏறினா ஏழாவது ஸ்டேஷன் மெஜஸ்டிக். அங்க ஊதா லைன், ஒயிட்ஃபீல்டு பக்கம் போற வண்டி, மூணாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். குழந்தைங்களோட போறவங்களுக்கு அரைகுறையா வழி சொல்லாதீங்க.

அதியமான்கோட்டை: மெஜஸ்டிக்ல டிக்கெட் கேட்டைத் தாண்டவே வேணாம். அதே டிக்கெட். அதை யாரும் மாத்தல்னு சொல்லமாட்டாங்க. ஒரே மாத்தல்தான்.

மாங்கனி: ஆர்.வி. ரோட்லயும்தான் கேட்டைத் தாண்ட வேணாம். அதை மட்டும் எப்படி எண்ணினீங்க? நீங்க சொன்னதை நம்பிப் போறவங்க மெஜஸ்டிக்ல கூட்டத்தோட கூட்டமா பஸ் ஸ்டாண்டு பக்கம் கேட்டைத் தாண்டிடுவாங்க. க்யூஆர் டிக்கெட் அதோட முடிஞ்சுது. மறுபடி வரிசை, மறுபடி பை சோதனை, மறுபடி காசு. ரெண்டு மாத்தல்.

சூளகிரி: எதுக்கு இந்தச் சண்டை? நேரா கார்ல போங்க. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறினா பத்து கிலோமீட்டர் சிக்னலே கிடையாது.

மாங்கனி: அந்த மேம்பாலம் உங்களை இறக்கிவிடற இடமே டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு! கிருஷ்ணகிரி டோல், அத்திப்பள்ளி டோல், மேம்பாலம்னு மூணு இடத்துல ஃபாஸ்டேக்ல காசு போகும். அப்புறம் கஸ்தூர்பா ரோட்ல இடம் தேடணும். சின்னசாமி ஸ்டேடியத்துல மேட்ச் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, ரோட்டோரம் நிறுத்த விடமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை கப்பன் பார்க்குக்குள்ள வண்டி விடமாட்டாங்க. மிச்சம் விட்டல் மல்லையா ரோடு பக்கம் இருக்கற காசு பார்க்கிங். மேல கேரியர் வெச்ச வண்டின்னா அண்டர்கிரவுண்டு நுழைவுல எழுதியிருக்கற உயரத்தைப் பாத்துட்டு இறங்குங்க. பின்னாடி அடுத்த வண்டி வந்து நின்னுட்டா ரிவர்ஸ் எடுக்கறது பெரும்பாடு.

சூளகிரி: அப்போ காரை பொம்மசந்திரா ஸ்டேஷன்ல விட்டுடலாமே?

மாங்கனி: அங்க இடம் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. சர்வீஸ் ரோட்ல விட்டுட்டு நாள் பூரா மியூசியத்துல நிம்மதியா சுத்த முடியாது. காரை ஊர்லயே விட்டுட்டு பஸ் ஏறுங்க. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட பொம்மசந்திரா நிக்குமான்னு கேளுங்க. சந்தாபுரா தாண்டினதும் ரெடியா இருக்கணும். தவறவிட்டா வண்டி மேம்பாலம் ஏறிடும். ஏறிட்டா பதறாதீங்க, சில்க் போர்டுலயும் மஞ்சள் லைன் ஸ்டேஷன் இருக்கு. அங்க ஏறினாலும் ரெண்டு மாத்தல்தான்.

பாலக்கோடு: தர்மபுரியில வந்தே பாரத் நிக்குது. அதுல போனா இந்த அவஸ்தையே இல்ல.

மாங்கனி: அது கன்டோன்மென்ட் போய்ச் சேர மதியம் ஆயிடும். கொஞ்ச நேரத்துலயே கோயம்புத்தூர் திரும்பிடும். அதுலயே வரணும்னா மியூசியத்தை வெளிய நின்னு பாத்துட்டு வரணும்.

அதியமான்கோட்டை: ரயிலே இல்லாத கிருஷ்ணகிரிக்காரங்க ரயிலைப் பத்திப் பேசக்கூடாது.

மாங்கனி: 1905லயே திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடுச்சு. உங்க மொரப்பூர்–தர்மபுரி லைன் 1906. நாங்கதான் முன்னாடி! அப்புறம் ரெண்டு லைனையும் மூடினாங்க. உங்க ஊருக்கு வேற லைன்ல ரயில் திரும்பக் கிடைச்சுது, எங்களுக்கு இன்னும் கிடைக்கல. கிருஷ்ணகிரி வழியா ஜோலார்பேட்டை–ஓசூர் பாதை கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. அதைக் குத்திக் காட்டாதீங்க.

அதியமான்கோட்டை: 2004ல தர்மபுரி மாவட்டத்துல இருந்து பிரிஞ்சு போனது நீங்கதான்.

பாலக்கோடு: ரெண்டு பேரும் நிறுத்துங்க. திங்கக்கிழமை போனா திறந்திருக்குமா?

மாங்கனி: விஸ்வேஸ்வரய்யா மியூசியம் திங்கக்கிழமையும் உண்டு. தீபாவளியும் விநாயகர் சதுர்த்தியும்தான் லீவு. காலையில ஒன்பதரைக்குத் திறக்கும். ரைட் சகோதரர்கள் ஓட்டின விமானத்தோட முழு அளவு மாதிரி அங்க இருக்கு, குழந்தைங்க நகரமாட்டாங்க. ஆனா பக்கத்துல இருக்கற அரசு மியூசியத்துக்குத் திங்கக்கிழமை லீவு. ஆதகூர் கல்லு அங்கதான். பன்னியோட சண்டை போட்டுச் செத்த காளிங்கற நாய்க்கு வெச்ச கல்லு, சோழர் தோத்த தக்கோலப் போரும் அதுல எழுதியிருக்கு. நடுகல் ஊர்ல பொறந்தவங்க அதைப் பாக்காம வரக்கூடாது.

அதியமான்கோட்டை: நாய்க்கு நடுகல் பாக்க பெங்களூர் எதுக்கு? எடத்தனூர்ல கோவிவன்ங்கற நாய் கல்லுல நிக்குது, மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு. உங்க ஆதகூருக்கு முன்னூறு வருஷம் மூத்தது.

மாங்கனி: எடத்தனூர் தர்மபுரி இல்ல, செங்கம் பக்கம். அதையும் உங்க கணக்குல சேக்காதீங்க. மாத்தல் கணக்கும் இப்படித்தான் போட்டீங்க.

அதியமான்கோட்டை: லால்பாக்ல இறங்கி ஆட்டோ பிடிச்சா ஒரே மாத்தல்.

மாங்கனி: நீங்க எழுதினது கப்பன் பார்க். ஆட்டோன்னு ஒரு வார்த்தை அதுல இல்ல.

சூளகிரி: கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சுட்டுப் போக முடியுமா?

மாங்கனி: முடியும். எஸ்கலேட்டர்ல ஏத்தாதீங்க, லிஃப்ட்தான். மெஜஸ்டிக்ல லிஃப்ட்டுக்கு வரிசை நிக்கும், கால் மணி கூடுதலா வெச்சுக்குங்க. ஆர்.வி. ரோட்ல ஒரு தடவை, மெஜஸ்டிக்ல ஒரு தடவை. எண்ணிக்குங்க, ரெண்டு.

அதியமான்கோட்டை: லிஃப்ட்ல போறது மாத்தல் ஆகாது. ஒண்ணுதான்.